பழைய ஃப்ளாஷுக்குச் சிங்க் வயரும் அடாப்டரும் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சிங்க் வயர் என்பது, ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும் கணத்தில் ஃப்ளாஷை ஒளிரவைக்கும் இரட்டைக் கம்பி; அழைப்புமணியின் பொத்தானைப் போல, கேமரா அதன் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது, அவ்வளவே. கேமராவின் பக்கம் பெரும்பாலும் சிறிய வட்டமான பிசி முனைதான் இருக்கும்; தொல்லையெல்லாம் ஃப்ளாஷின் பக்கத்தில்; விவிட்டார் 283 போன்ற பழைய ஃப்ளாஷ்கள் தமக்கே உரிய செருகியைக் கேட்கும் என்பதால், மாதிரி எண்ணைச் சொல்லியே வயரைத் தேட வேண்டும். பிசி துளை இல்லாத கேமராவுக்கு, ஹாட் ஷூவில் (கேமராவின் மேலே ஃப்ளாஷைச் செருகும் இடம்) பொருத்தும் அடாப்டர் போதும். ஆனால் சில பழைய ஃப்ளாஷ்களின் முனைகளில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம் (பழைய இயந்திர ஷட்டர் அதைத் தாங்கும், டிஜிட்டல் கேமராவின் மின்சுற்று கருகிவிடக்கூடும்), எனவே ஃப்ளாஷ் முழுதாக மின்னேறிய பின் மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். பிசி என்றதும் பலர் கணினியை நினைத்துக்கொள்கிறார்கள். அது ப்ரோன்டோர், காம்பூர் என்ற ஜெர்மானிய ஷட்டர் பெயர்களின் முதலெழுத்துகள்.