வீட்டுக்கொரு துவக்கு இருந்தால் கள்ளன் வரமாட்டானா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் பட்டப்பகலில் ஒரு வீட்டை உடைத்துவிட்டார்கள். அன்றிரவு கீழே வாகனத் தரிப்பிடத்தில் எல்லோரும் கூடி நின்றபோது ஒருவர் சொன்னார்: "வீட்டுக்கொரு துவக்கு குடுத்துப் பாருங்கோ, ஒரு கள்ளன் கிட்ட வரமாட்டான்." தலையாட்டாதவர்கள் குறைவு. புதுக்கடை நீதிமன்றங்களில் 22 வருடமாகக் குற்றவியல் வழக்குகள் பேசுகிறேன். துவக்கு சம்பந்தப்பட்ட வழக்குகளில் இரண்டு பக்கத்துக்கும் நின்றிருக்கிறேன். அதனால், மனதில் இருப்பதை எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன் என்றேன். நினைத்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, கள்ளனிடம் ஆயுதம் இருக்கு, எங்களிடம் இல்லை. அமெரிக்காவில் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். அங்கே கள்ளனுக்கு ஒரு பயம் இருக்கும்தானே? (செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்)

தம்பி, இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1997இல் ஜோன் லொட், டேவிட் மஸ்டர்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதைத்தான் எழுதினார்கள். பொதுமக்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்த மாநிலங்களில் வன்முறைக் குற்றம் குறைந்தது என்றார்கள். யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று கள்ளனுக்குத் தெரியாது, அதனால் எல்லோருக்கும் பயப்படுவான் என்பது அவர்கள் கணக்கு.

அப்புறம் என்ன நடந்தது? 2004இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம் ஒரு குழுவைப் போட்டு அந்தக் கணக்கை முழுதாகத் திருப்பிப் பார்த்தது. அந்தச் சட்டங்கள் குற்றத்தைக் கூட்டின என்றோ குறைத்தன என்றோ சொல்லச் சான்று போதாது என்றார்கள். குழுவில் ஒருவர் மட்டும் கொலை விஷயத்தில் உடன்படவில்லை. பிறகு 2019இல் ஜோன் டொனஹியூவும் கூட இருந்தவர்களும் இன்னும் நீண்ட காலத் தரவை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. அப்படிச் சட்டம் கொண்டுவந்த மாநிலங்களில் பத்து வருடம் கழித்து வன்முறைக் குற்றம், சட்டம் வராமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 வீதம் அதிகம் என்று அது சொல்கிறது. எனக்கு இந்தப் பக்கம்தான் பலமாகத் தெரிகிறது.

ஆனால் உங்கள் கடைக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1980களில் ரைட், ரொஸ்ஸி என்ற இரண்டு சமூகவியலாளர்கள் பத்து மாநிலச் சிறைகளில் 1,800 பேர் வரையான கைதிகளிடம் கேட்டார்கள். மூன்றில் ஒருவர், ஆயுதம் வைத்திருந்த ஒருவரால் எப்போதாவது விரட்டப்பட்டோ சுடப்பட்டோ பிடிபட்டோ இருக்கிறேன் என்றார். பயம் இருக்கிறது, உண்மை. ஆனால் துப்பாக்கியோடு குற்றம் செய்தவர்களில் பாதி அளவானோர், எதிரே நிற்கிறவரிடம் ஆயுதம் இருக்கலாம் என்பதும் தாங்கள் துப்பாக்கி கொண்டுபோக ஒரு காரணம் என்றார்கள். அதாவது பயந்தவன் வீட்டில் இருந்துவிடுவதில்லை. அடுத்த முறை துப்பாக்கியோடு வருகிறான், முதலில் சுடுகிறான். உங்கள் தெருவில் பத்துக் கடையில் துவக்கு இருக்கிறது என்று தெரிந்தால், பதினோராவது கடைக்கு வருகிறவன் கத்தியோடா வருவான்?

கொல்ல நினைத்தவன் கத்தியால் குத்துவான், இல்லாவிட்டால் பொல்லால் அடிப்பான். ஆயுதத்தைக் குறை சொல்லி என்ன பயன்? (பல்கலைக்கழக மாணவர், தெஹிவளை)

இதைத்தான் ஃபிராங்க்ளின் ஸிம்ரிங் என்ற அறிஞர் 1968இல் சிக்காகோ பொலிஸ் பதிவுகளில் தேடிப் பார்த்தார். கத்தியால் தாக்கப்பட்டவர்களையும் துப்பாக்கியால் தாக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டார். சண்டையின் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: குடி, காசு, வாய்த்தர்க்கம். ஆனால் துப்பாக்கித் தாக்குதலில் இறந்தவர்கள் கத்தியைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. கொல்ல வேண்டும் என்ற உறுதி எல்லோருக்கும் இருந்ததில்லை. கையில் எது கிடைத்தது என்பது முடிவை மாற்றியது.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வடமேல் மாகாணத்தில் ஒரு ஊர். அண்ணன் தம்பிக்குள் வேலிச் சண்டை. இரண்டு வருடம் கழித்து வேறொரு இடத்தில் அதே மாதிரி இன்னொரு வேலிச் சண்டை. முதல் வழக்கில் மண்வெட்டிப் பிடி. தம்பிக்கு இடது முழங்கை முறிந்தது, ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் இணக்கசபையில் சமாதானமாகி, ஒரே முச்சக்கரவண்டியில் வீடு போனார்கள். இரண்டாவது வழக்கில், காட்டுப்பன்றிக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு வாங்கிய 12 போர் ரகச் சன்னத் துவக்கு சுவரில் தொங்கியது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை என் கோப்பில் இருந்தது. நெஞ்சில் ஒரு தேங்காய்ச் சிரட்டை அகலத்துக்குள் சன்னம் துளைத்த இடங்களைப் புள்ளி புள்ளியாக வரைந்திருந்தார். எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். குற்றவாளிக் கூண்டில் நின்ற அண்ணன் வழக்கு முடியும்வரை ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: "பயமுறுத்தத்தான் எடுத்தனான், அம்மா." அவரை நான் நம்புகிறேன், இன்றைக்கும்.

எங்கள் நாட்டில் சட்டப்படி துவக்கு வைத்திருப்பவர்களே குறைவு. பிறகு ஏன் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வெடிச்சத்தம் கேட்கிறது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

நல்ல கேள்வி. எங்கள் ஊருக்கு உரிய கேள்வியும் இதுதான். சுவிட்சர்லாந்தில் இருந்து இயங்கும் சிறு ஆயுத ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2017இல் அமெரிக்காவில் 100 பேருக்கு 120 துப்பாக்கி, இலங்கையில் 100 பேருக்கு இரண்டு சொச்சம். அப்படியிருந்தும் இங்கே சுடுகிறார்கள் என்றால், அந்தத் துவக்குகள் வேறு வழியால் வருகின்றன.

ஒன்று, போர். 2009இல் யுத்தம் முடிந்தது, ஆயுதம் எல்லாம் முடிந்துபோகவில்லை. படையை விட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள், களஞ்சியத்திலிருந்து கசிந்தவை இருக்கின்றன. ஒரே இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகக் குழுக்களுக்குப் போனதாக 2025இல் ஜனாதிபதியே சொன்னார். இன்னொன்று கல்கட்டாஸ், அதாவது கள்ளமாகப் பட்டறையில் செய்யும் துவக்கு. தண்ணீர்க் குழாய்த் துண்டு, ஒரு ஸ்பிரிங், மரப்பிடி. நீதிமன்ற மேசையில் நூலால் கட்டிய அட்டையோடு சான்றுப்பொருளாக வைக்கும்போது விளையாட்டுச் சாமான் போல இருக்கும். ஆனால் ஆளைக் கொல்லும்.

இங்கே நடப்பதில் பெரும்பகுதி ஒப்பந்தக் கொலை. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், முகம் மூடிய தலைக்கவசம், சில விநாடிகள். சுடப்படுகிறவரிடம் துவக்கு இருந்தாலும் அதை எடுக்க நேரமில்லை. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, புதுக்கடை ஐந்தாம் இலக்க நீதவான் நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் சிறையிலிருந்து காவலோடு கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சுட்டுக் கொன்றான். சட்டப் புத்தகத்தின் உள்ளே குடைந்து ஆயுதத்தை வைத்துக் கொண்டுவந்தார்கள். நான் அன்று அதே வளவில் வேறொரு நீதிமன்றத்தில் இருந்தேன். சுற்றி ஆயுதம் ஏந்திய பொலிஸ் இருந்த இடம் அது. "எதிரே ஆயுதம் இருந்தால் வரமாட்டான்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வரும்.

ஆகவே கொழும்பில் கொலை குறைய வேண்டுமென்றால், கள்ளத் துவக்கு வரும் வாசலை அடைக்க வேண்டும். களஞ்சியக் கணக்கு, தப்பியோடிய படையினர், பட்டறைகள், கடல்வழி. தொடர்மாடி வீடுகளுக்குத் துவக்கு கொடுப்பது அந்த வாசலில் இன்னொரு கதவைத் திறப்பது. வீடு உடைக்கிறவனுக்கு நகைக்கு அடுத்தபடியாக நல்ல விலை போகும் பொருள் அதுதான். எங்கள் கட்டடத்தில் உடைபட்ட வீட்டு அலுமாரியில் ஒரு கைத்துப்பாக்கி இருந்திருந்தால் அது இப்போது எங்கே இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அனுமதிப்பத்திரம் எடுப்பது எப்படி? (மூன்று பேர் கேட்டிருந்தார்கள்)

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் கிராம அலுவலர், பொலிஸ் அறிக்கைகளோடு மாவட்டச் செயலகம். தன் பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சு. உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பதைக் காட்ட வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2024இன் கடைசியில், தன் பாதுகாப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டதும் நினைவிருக்கும். "பக்கத்து வீடு உடைபட்டது" என்ற காரணம் போதாது.

அமெரிக்காவில் வருடம் 25 லட்சம் தடவை மக்கள் துப்பாக்கியால் தங்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று படித்தேனே? (பம்பலப்பிட்டி)

அது கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் 1995இல் வெளியிட்ட தொலைபேசி ஆய்வு. ஏறத்தாழ 5,000 பேரிடம் கேட்டு, ஆம் என்ற மிகச் சிறிய பங்கை நாடு முழுவதற்கும் பெருக்கினார்கள். நூறில் ஒருவர் பிழையாகச் சொன்னாலே விடை லட்சக்கணக்கில் ஊதிவிடும். அரசாங்கத்தின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் அதே விஷயம் ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் வருகிறது. துப்பாக்கியால் உயிர் தப்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் மறுக்கவில்லை.

சுவிஸ்காரர் வீட்டில் துப்பாக்கி இருக்கு, அங்கே கொலை இல்லையே? (டொரொண்டோவில் இருந்து என் மச்சாள்)

மச்சாள், அங்கே பெரும்பாலும் இராணுவச் சேவையோடு வந்த துப்பாக்கி. அதற்கென்று வீட்டில் வைத்திருந்த தோட்டாப் பெட்டியையும் 2007க்குப் பிறகு அரசு திருப்பி வாங்கிவிட்டது. தெருவில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு போக வேண்டுமென்றால் தேவையைக் காட்டிப் பரீட்சை எழுத வேண்டும். மறுபக்கம் ஜமெய்க்கா 1974இலேயே துப்பாக்கிக்குத் தனி நீதிமன்றம் வைத்துக் கடும் சட்டம் போட்டது. கொலை ஓயவில்லை. சட்டப் புத்தகம் மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி. ஆயுதம் எங்கே வைக்கப்படுகிறது, யார் எண்ணுகிறார்கள், எப்படி உள்ளே வருகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் விடை.

என் வீட்டுக்காரர் ஒன்று எடுக்கவேண்டும் என்று நிற்கிறார். வீட்டில் இரண்டு பெடியன்கள், மூத்தவனுக்கு 17. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. (பெயர் வேண்டாம் என்றவர்)

தங்கச்சி, உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் 1 கோடி 76 லட்சம் பேரைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2022இல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் கொலையாகும் வீதம், துப்பாக்கி இல்லாத வீட்டாரைவிட இரண்டு மடங்குக்கு மேல். கணவனாலோ துணையாலோ சுட்டுக் கொல்லப்படுவது ஏழு மடங்கு. வெளியாள் கையால் சாவது குறைந்ததாகவும் அதில் தெரியவில்லை. கள்ளனுக்கென்று வாங்கியது வீட்டாள் மீதுதான் திரும்புகிறது.

17 வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னீர்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தங்கள் உயிரைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்கள். நினைத்தவன் எப்படியும் செய்வான் என்பார்கள். அது பிழை என்று எங்கள் நாடே காட்டியிருக்கிறது. 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 தற்கொலை, உலகிலேயே மிக மோசமான நாடுகளில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது வருடத்தில் அந்த வீதம் 70 வீதம் அளவில் விழுந்தது. துயரம் குறைந்துவிடவில்லை, யுத்தம் தொடர்ந்ததும் சுனாமி வந்ததும் அந்தக் காலத்தில்தான். மனம் உடைந்த அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அந்தக் கொடிய மருந்து இருக்கவில்லை. அவ்வளவுதான். பிழைத்தவர்களில் பலர் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் கதைக்கிறேன்.

கள்ளனைச் சுட்டால் வழக்கு வருமா?

வரும். தண்டனைச் சட்டக்கோவை 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்பாதுகாப்பு உரிமையைத் தருகின்றன. இரவில் வீடுடைத்து வருகிறவன், உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான பயம், இவற்றில் அந்த உரிமை வெகுதூரம் போகும். ஆனால் தேவைக்கு மேல் செய்யக்கூடாது. முதுகில் காயம் இருந்தால், அதாவது ஓடுகிறவனைச் சுட்டிருந்தால், உங்கள் பக்கம் நிற்கிற சட்டத்தரணிக்குத் தூக்கமில்லை.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். வவுனியா வீட்டு அலுமாரிக்குப் பின்னால் அவருடைய பழைய துவக்கு, அனுமதிப்பத்திரத்தோடு இருக்கு. விற்கலாமா, கொழும்புக்குக் கொண்டுவரலாமா? (வெள்ளவத்தை)

இரண்டும் வேண்டாம். அனுமதிப்பத்திரம் அப்பாவின் பெயருக்கு உரியது, அவரோடு அது முடிந்துவிட்டது. காணி மாதிரி பிள்ளைக்குத் தானாக வராது. பஸ்ஸில் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து சோதனைச் சாவடியில் பிடிபட்ட ஒரு ஆசிரியருக்காக நான் பிணை கேட்டிருக்கிறேன். நல்ல மனிதர், ஒன்பது நாள் உள்ளே இருந்தார். நீங்கள் துவக்கைத் தொடாமல், இறப்புச் சான்றிதழையும் அனுமதிப்பத்திரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுக்கட்டும். தோட்டாக்கள் மிச்சம் இருந்தால் அவற்றையும் எண்ணிக் கொடுத்து, இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிறகு அதன் பிரதி ஒன்றை மாவட்டச் செயலகத்தில் கொடுத்து, பதிவேட்டில் அப்பாவின் பெயரை நீக்கச் சொல்லுங்கள். போகும்வரை அந்த அறையைப் பூட்டித் திறப்பை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.