வேலை நடந்தால் போதாதா? சாஃப்ட்வேரின் உள் நிரலையும் கோப்பு வடிவத்தையும் வெளியிடாமல் நிறுவனம் மூடி வைத்திருந்தால் எனக்கென்ன நஷ்டம்?

இப்படிக் கேட்கிறவர் இன்னும் பழைய கோப்பு எதையும் திறக்க வேண்டி வராதவர் என்று நினைக்கிறேன். 2003-ல் பேஜ்மேக்கரில் (அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) செய்த தமிழ்ப் புத்தகத்தை இன்று மறுபதிப்புக்கு எடுத்தால் நஷ்டம் தெரியும்.

பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-ல், அதுதான் கடைசி. அதன் கோப்புகளை, அடுத்து வந்த இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 பதிப்பு வரைதான் திறக்கும். இலவசத் திறந்த மென்பொருளான லிப்ரெஆபிஸ் திறக்குமே என்று சிலர் வருவார்கள். திறக்கும், ஆனால் அது வெளியாட்கள் கோப்பைக் குடைந்து தாங்களே கண்டுபிடித்த வழி, பக்க அமைப்பு குலைந்து வரலாம். அன்றைய தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் சில, டாங்கிளோடு (செருகினால்தான் மென்பொருள் ஓடும் சிறு கருவி) வந்தன. அதைச் செருக இப்போதைய கணினிகள் பெரும்பாலானவற்றில் பழைய பிரிண்டர் போர்ட்டே இல்லை.

மீட்கும் வழி: கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பி, அதில் பேஜ்மேக்கர், பழைய எழுத்துரு. ஒவ்வொரு ஸ்டோரியிலும் (தொடர்ந்து ஓடும் உரைப்பகுதி) கர்சரை வைத்து, எழுத்துருப் பெயரையும் சேர்த்து வைக்கும் ஆர்டிஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வெறும் டெக்ஸ்ட் வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் இருக்கும்; ‘தமிழ்’ என்பது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். எழுத்துருப் பெயர் போய்விட்டால் எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் ஆங்கிலச் சொற்களையும், பழைய எழுத்துருவை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் தமிழாக்கிக் குதறிவிடும்.

யூனிகோடுக்கு, அதாவது இன்றைய பொது எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றிய பிறகுதான் பெரிய வேலை. பழைய எழுத்துருக்களில் ‘ள’வும் ஔகாரக் குறியும் பெரும்பாலும் ஒரே விசை. அதனால் ‘கௌரவம்’ என்பது க, எகரக் கொம்பு, ள என்று மூன்றாகப் பிரிந்து ‘கெளரவம்’ என வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது. மொத்தமாக ரீப்ளேஸ் போடாதீர்கள்; ‘தெளிவு’, ‘வெள்ளம்’ எல்லாம் உடைந்துபோகும். கௌரவம், பௌர்ணமி, மௌனம் என்று சொல் சொல்லாகத்தான் திருத்த வேண்டும்.

காசு கொடுத்து வாங்குவதையே தப்பென்று சொல்லவில்லை. நல்ல எழுத்துரு வரைந்தவருக்குக் கூலி கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த எழுத்துக்கு எந்தக் குறியீடு என்று ஆளுக்கொரு அட்டவணை வைத்துக்கொண்டதால்தான் 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று எழுத்துக் குறியீட்டுக்குப் பொதுத்தரம் அறிவிக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் பழையதை விடாதவர்கள் ஏராளம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடில் தட்டச்சிட்டுக் கொடுத்தாலும், அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி அச்சடித்து, பிடிஎஃப் மட்டும் திருப்பித் தரும் அச்சகங்கள் இன்றும் உண்டு. அந்த பிடிஎஃப்பில் ஒரு வரியை காப்பி செய்தால் குப்பைதான் வரும். பிழை திருத்திய இறுதிப் பிரதியை யூனிகோடிலேயே கேட்டு வாங்குங்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே.