அடிலெய்டைச் சுற்றியுள்ள ஜெர்மன் ஊர்கள்: வாசகர் கேள்வி – பதில்

தென் ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் குடியேறிகள் உண்டாக்கிய கிளெம்சிக், ஹான்டார்ஃப், லோபெதால் போன்ற ஊர்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: மகள் அடிலெய்டில் படிக்கிறாள். ஹான்டார்ஃப் பார்க்கப் போகலாம் என்கிறாள். அது நகரத்தின் புறநகரா, தனிக் கிராமமா? அங்கே ஜெர்மானியர்கள் எப்படி வந்தார்கள்?

பதில்: அடிலெய்டிலிருந்து தென்கிழக்கே சுமார் 28 கி.மீ. தொலைவில், மலைப்பகுதியில் உள்ள சிற்றூர் ஹான்டார்ஃப். நெடுஞ்சாலை வந்த பிறகு அங்கிருந்து தினமும் நகரத்துக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம். ஆனாலும் தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஊரை ஒட்டியே இருப்பதால் பாதி கிராமம், பாதி புறநகர் என்று சொல்லலாம். முழுப் புறநகராக மாறிவிட்டது கிளெம்சிக். டாரன்ஸ் ஆற்றை ஒட்டி நகருக்கு மிக அருகில் இருக்கும் அந்த ஊர்தான் இவற்றில் மூத்தது.

இந்தக் குடியேற்றம் ஒரு வழிபாட்டுச் சிக்கலில் தொடங்கியது. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் 1817-ல் லூத்தரன், சீர்திருத்தத் திருச்சபைகள் இரண்டையும் ஒன்றாக்கினார். பிறகு ஒரே வழிபாட்டு முறையை எல்லோர் மேலும் திணித்தார். ஏற்க மறுத்த 'பழைய லூத்தரன்'களில் ஒரு கூட்டத்துக்கு வழிகாட்டியவர் போதகர் ஆகஸ்ட் காவெல். அவர் லண்டன் சென்று ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற வணிகரைச் சந்தித்தார். புதிய குடியேற்றத்துக்கு உழைப்பாளிகளைத் தேடிக்கொண்டிருந்த ஆங்கஸ், அவர்களின் பயணத்துக்குப் பணம் கொடுத்து உதவினார். காவெலுடன் வந்தவர்கள் 1838 நவம்பரில் இறங்கி, தாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்து கிளெம்சிக்கை அமைத்தார்கள். அந்த மூல ஊர் இப்போது போலந்தில் கிளெம்ப்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது.

'சீப்ரா' என்ற கப்பல் 1838 ஆகஸ்டில் ஹாம்பர்க் அருகே உள்ள ஆல்டோனா துறைமுகத்திலிருந்து கிளம்பி டிசம்பர் 28-ல் வந்து சேர்ந்தது. அதன் தலைவர் டிர்க் ஹான், பயணிகளை இறக்கிவிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று போகவில்லை. டட்டன் முதலிய நில உரிமையாளர்களிடம் தானே பேசி, மவுன்ட் பார்க்கர் பகுதியில் அவர்களுக்கு நிலம் ஏற்பாடு செய்தார். 1839-ல் எழுந்த ஊருக்கு மக்கள் அவர் பெயரையே வைத்தார்கள். 'ஹானின் ஊர்' என்பதே ஹான்டார்ஃப்.

கேள்வி: பழைய வரைபடம் ஒன்றில் ஹான்டார்ஃப் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆம்பிள்சைட்' என்றிருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் தென் ஆஸ்திரேலியாவில் ஜெர்மன் பெயர்களை அழிக்க 1917-ல் ஒரு சட்டம் வந்தது. 1918 தொடக்கத்தில் 69 இடப்பெயர்கள் மாற்றப்பட்டன. ஹான்டார்ஃப் ஆம்பிள்சைட் ஆனது, லோபெதால் ட்வீட்வேல் ஆனது, கிளெம்சிக் காசா ஆனது. இந்த மூன்றுக்கும் 1935-ல் பழைய பெயர் திரும்பியது. எல்லா ஊர்களுக்கும் அப்படி அமையவில்லை. ஹான்டார்ஃபை அடுத்த கிரூன்தால் இன்றும் வெர்டன்தான். புளும்பெர்க் இன்றும் பேர்ட்வுட்தான். முதலாவது ஒரு போர்க்களத்தின் பெயர், இரண்டாவது ஒரு படைத்தளபதியின் பெயர்.

கிளெம்சிக்கில் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆடும் சங்கம் இன்றும் 'காசா' என்ற பெயரிலேயே ஆடுகிறது. இந்த வரலாறு அறியாதவர்கள் அதற்கு வேறு அர்த்தம் கற்பித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: என் கணவரின் முன்னோர் அந்தப் பகுதிக்கு வந்த ஜெர்மானியர்கள். குடும்ப வரலாறு தேடுகிறோம். கல்லறை எழுத்தே படிக்க முடியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். கப்பல் பட்டியலில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வேறொரு குடும்பத்துக்குள் போய் மாட்டிக்கொள்வார்கள். ஒரே குலப்பெயரும் ஒரே ஞானஸ்நானப் பெயரும் ஒரே ஊரில் நாலைந்து பேருக்கு இருந்தது சகஜம்.

தென் ஆஸ்திரேலியாவில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1842 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய மூன்றரை ஆண்டுகளுக்குச் சபைப் பதிவேடுகள்தான் கதி. அடிலெய்டில் உள்ள லூத்தரன் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அடுத்து குடியுரிமைச் சான்றுகள். ஆங்கிலேயக் குடிமகனாக ஆகாதவர் நிலத்துக்குச் சொந்தக்காரராவதில் தடை இருந்ததால், நிலம் வாங்க நினைத்தவர்கள் அதற்கு விண்ணப்பித்தார்கள். ஊர்ப் பெயரைத் தேடும்போது முந்தைய பதிலில் சொன்ன மாற்றங்களை நினைவில் வையுங்கள். 1920-ல் பிறந்த ஒருவரின் பதிவில் 'லோபெதால்' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம், 'ட்வீட்வேல்' என்று தேடினால் கிடைக்கும். பூர்வீக ஊரும் அப்படித்தான். பிராண்டன்பர்க், போசன், சைலீசியா பகுதிகளின் பல கிராமங்கள் இன்று போலந்தில் வேறு பெயரில் இருக்கின்றன.

கல்லறைக்கு வருவோம். பழைய ஜெர்மன் அச்செழுத்தில் 's' எழுத்தின் நீண்ட வடிவம் 'f' போலவே இருக்கும். 'k'-யும் 't'-யும் குழப்பும். பெரிய எழுத்தில் 'B'-யும் 'V'-யும், 'N'-ம் 'R'-ம் ஒன்றுபோல் தெரியும். கையெழுத்துப் பதிவேடுகளில் 'e' என்பது 'n' போலத் தோன்றும். 'ஹியர் ரூட்' என்றால் 'இங்கே துயில்கிறார்'. 'கெப்.' என்ற சுருக்கத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அதன் பின்னால் தேதி வந்தால் பிறந்த நாள். பெண்ணின் பெயருக்குப் பின் 'கெப்.' போட்டு இன்னொரு பெயர் வந்தால் அது பிறந்த வீட்டுக் குலப்பெயர். ஒரு தலைமுறை தாய்வழியே திறப்பது அந்த ஒரு சொல்லில்தான். எழுத்து தேய்ந்திருந்தால் கல்லைச் சுரண்டாதீர்கள், சுண்ணாம்பு தேய்க்காதீர்கள். மாலையில் வெயில் பக்கவாட்டில் விழும்போது படமெடுங்கள். இல்லாவிட்டால் கைவிளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும்.

கேள்வி: ஹான்டார்ஃபின் கறுப்புச் சட்டங்களும் வெள்ளைச் சுவருமான வீடுகள் எப்படிக் கட்டப்பட்டவை? எது அசல், எது அலங்காரம் என்று கண்டுபிடிப்பது எப்படி? அப்படி ஒரு வீட்டில் குடியிருக்கும் உறவினர் சுவர் உதிர்கிறது என்கிறார்.

பதில்: ஜெர்மன் மொழியில் 'ஃபாக்வெர்க்' என்பார்கள். வீட்டின் பாரத்தைத் தாங்குவது மரக்கூடு. நடுவில் இருக்கும் சுவர் வெறும் அடைப்பு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

கல் மேடையின் மேல் படுக்கையாக அடிச்சட்டம். அதில் துளையிட்டு நிறுத்திய தூண்கள், தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், தலையில் மேல் சட்டம். கூடு பக்கவாட்டில் சாயாமல் மூலைகளில் சரிவாக முட்டுச் சட்டம். இணைப்புகளில் இரும்பாணி இல்லை. நாக்கும் துளையுமாகச் செதுக்கிப் பொருத்தி, குறுக்கே மர ஆணி அடிப்பார்கள். சொந்த நாட்டின் ஓக் மரம் அங்கே இல்லாததால் ரெட் கம், ஸ்ட்ரிங்கிபார்க் போன்ற யூகலிப்டஸ் வகைகளைப் பயன்படுத்தினார்கள். கட்டங்களுக்குள் குச்சிகளைச் செருகி, படல் பின்னி, வைக்கோல் கலந்த களிமண் அப்பினார்கள். பிறகு செங்கல் அடைப்பும் வந்தது. கூரை முதலில் வைக்கோல் வேய்ந்தது. பின்னால் பெரும்பாலும் தகரம்.

அசலை அடையாளம் காண மூன்று இடம் பாருங்கள். சட்டங்கள் சேரும் மூலையில் மர ஆணியின் வட்டத் தலை தெரிகிறதா? மரத்தின் முகத்தில் கோடாரி, வாய்ச்சி செதுக்கிய தடம் இருக்கிறதா? வெளியே தெரியும் தூண் உள்பக்கமும் அதே இடத்தில் இருக்கிறதா? ஒரே கனத்தில், ஒரே கறுப்பில், செங்கல் சுவர் மேல் ஒட்டிய பலகை என்றால் அது பிற்கால அலங்காரம்.

உதிரும் சுவருக்கு வருவோம். இப்படிப்பட்ட வீடுகளைக் கெடுப்பது அநேகமாக நல்ல எண்ணத்தோடு பூசிய சிமென்ட்தான். மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். சிமென்ட் அசையாது. ஆகவே இரண்டும் சேரும் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். மழைநீர் அதன் வழியே உள்ளே போகும், திரும்ப ஆவியாக வழியில்லை. தூணின் நாக்கு அழுகும், அடிச்சட்டம் மாவாகும். வெளியே சுவர் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். அதனால்தான் பாதிப்பு தெரியும்போது காலம் கடந்திருக்கிறது.

முதலில் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டோரத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த தோட்டமண் அடிச்சட்டத்தை மூடியிருந்தால் வெட்டி இறக்க வேண்டும். மண்ணுக்கும் மரத்துக்கும் இடையில் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி தேவை. பீலித்தகடும் மழைநீர்க் குழாயும் ஒழுகக் கூடாது. பூச்செடிக்குப் பாயும் நீர் சுவரைத் தொடக் கூடாது. பிறகு சிமென்டைத் தட்டி எடுத்து, கூர்முனைக் கருவியால் மரத்தைக் குத்திப் பார்க்க வேண்டும். மேலோட்டமாக மட்டும் மெத்தென்றால் சுரண்டினால் போதும். தூணின் அடி முழுக்கப் போயிருந்தால் கெட்ட பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, அதே வகை மரத்தில் துண்டு செதுக்கிச் சரிவு இணைப்பாகச் சேர்ப்பார்கள். முழுத் தூணை மாற்றத் தேவையில்லை.

மண் அடைப்புக்குக் களிமண், மணல் விகிதத்தை யாரும் காகிதத்தில் சொல்லிவிட முடியாது, இடத்துக்கு இடம் மண் வேறு. ஒன்றுக்கு இரண்டு என்று தொடங்கி, 5 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் போட்டு மிதித்து, ஓரிரு நாள் ஊறவிட்டு, ஒரு செங்கல் அளவு அச்சு செய்து காயவையுங்கள். வெடித்தால் மணல் கூட்டுங்கள். கையில் பொடிந்தால் களிமண் கூட்டுங்கள். படலின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அப்பினால்தான் இரண்டும் நடுவில் கவ்வும். மூன்று நான்கு வாரம் நிழலில் காயட்டும். ஓரத்தில் சுருங்கி இடைவெளி விடும், விடத்தான் செய்யும். அதை முழுதும் காய்ந்த பிறகே அடைக்க வேண்டும். மேலே ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் கொண்ட காரையை இரண்டு பூச்சாக இடுங்கள். ஒவ்வொரு பூச்சையும் சில நாள் ஈரம் காக்க வேண்டும். கடைசியில் பால் போல நீர்த்த சுண்ணாம்பு நாலைந்து கை. பிளாஸ்டிக் வண்ணம் அடித்தால் இத்தனை வேலையும் வீண்.

கல், செங்கல் சுவரில் வெள்ளை உப்புப் பூத்துப் பொரிந்தால் அது ஓதம். அடிலெய்டு பக்கம் பழைய வீடுகளில் மிகப் பரவலான நோய். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவந்து மேற்பரப்பில் படியவிடுகிறது, உப்புப் படிகம் பெருகிச் சுவரை உடைக்கிறது. கறை தெரியும் கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை பூச்சை எடுத்து, ஈரத்தடை போட்டு, சுவரைக் காயவிட வேண்டும். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது கணக்கு. 35 செ.மீ. சுவரென்றால் ஓராண்டுக்கு மேல். இந்தப் பொறுமை இல்லாமல் உடனே பூசினால் அடுத்த ஆண்டு அதே இடம் மீண்டும் பொரியும்.

ஹான்டார்ஃப் மாநிலப் பாரம்பரியப் பகுதி. எதைத் தொடுமுன்னும் அனுமதி கேட்க வேண்டும்.

கேள்வி: அந்தக் காலத்துப் பெண்கள் நகரத்துக்கு நடந்துபோன பாதையில் நாமும் நடக்கலாமாமே?

பதில்: நடக்கலாம். ஹான்டார்ஃப் பெண்கள் விளைந்த காய்கறி, வெண்ணெய், முட்டையைச் சுமந்து நள்ளிரவில் கிளம்பி, விடியலில் அடிலெய்டில் விற்றுவிட்டுத் திரும்பினார்கள். திரும்பும்போது ஆலயம் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கல் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஹான்டார்ஃபிலிருந்து வெர்டன், ஸ்டர்லிங் வழியே அடிலெய்டின் புறநகரான போமான்ட் வரை சுமார் 26 கி.மீ. மே மாதத்தில் ஆண்டுதோறும் கூட்டமாக நடக்கும் நிகழ்ச்சி உண்டு. குளிர்ந்த பருவம் என்பதால் அதுவே வசதி. முழுத் தூரம் முடியாதவர்கள் ஸ்டர்லிங்கில் சேர்ந்துகொள்ளலாம். ஏற்றத்தைவிடக் கடைசியில் சமவெளிக்கு இறங்கும் செங்குத்தான சரிவுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். புதுக் காலணியோடு போகாதீர்கள், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கோடையில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் இந்தப் பக்கமே வேண்டாம்.

கேள்வி: அந்த மலைப்பகுதியில் சிறு தோட்டத்தோடு வீடு வாங்க யோசிக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீரும் நெருப்பும். குழாய்நீர் வராத மனையில் கூரை மழையே குடிநீர். 1 ச.மீ. கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 150 ச.மீ. கூரைக்கு ஆண்டு மழை 800 மி.மீ. என்று கொண்டு, 15 சதவீதம் வீணாகப் போனாலும் சுமார் 1 லட்சம் லிட்டர் வரும். ஆனால் மழை குளிர்காலத்தில் கொட்டிவிட்டு, கோடையில் கண்ணில் படாது. எனவே ஆண்டு மொத்தத்தை வைத்து மயங்காமல், மழையில்லாத நான்கைந்து மாதத் தேவையை வைத்துத் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள்.

நெருப்பு விளையாட்டல்ல. 1983 பிப்ரவரி 16-ல் 'சாம்பல் புதன்' தீ அடிலெய்டு மலைகளை எரித்தது. 2019 டிசம்பர் 20-ல் கட்லீ கிரீக் தீ லோபெதால் வரை வந்தது. ஸ்ட்ரிங்கிபார்க் மரப்பட்டை நார் நாராக உரிந்து, கனலோடு காற்றில் வெகுதூரம் பறக்கும். வீடு எரிவது பெரும்பாலும் தீச்சுவாலையால் அல்ல, பீலித்தகட்டில் சேர்ந்த சருகிலும் ஓட்டிடுக்கிலும் விழும் இந்தக் கனலால்தான். வாங்குமுன் கேளுங்கள்: வீட்டைச் சுற்றிச் சருகில்லாத வெற்றிடம் இருக்கிறதா? ஊரைவிட்டு வெளியேற இரண்டாவது வழி உண்டா? தீக்கான தண்ணீர் தனியே ஒதுக்கப்பட்டிருக்கிறதா? பம்பு மின்சாரத்தில் மட்டும் ஓடுவதா? தீ வரும் நாளில் முதலில் போவது மின்சாரம்தான், பெட்ரோல் அல்லது டீசல் பம்பு வேண்டும். பிளாஸ்டிக் குழாய் தரைக்கு மேல் ஓடினால் உருகிவிடும், மண்ணுக்குள் பதிக்க வேண்டும். தீ அபாயம் நான்கு படியாக அறிவிக்கப்படும். உச்சப் படியான 'பேரழிவு' அறிவித்தால் வீட்டைக் காக்கலாம் என்று நிற்காமல், முந்தின இரவோ அதிகாலையிலோ கிளம்பிவிடுங்கள்.