ஹார்டாங்கர்: கத்திரியை எடுக்கும் முன்

கேள்வி: நார்வேயின் ஹார்டாங்கர் எம்பிராய்டரி பழகி வருகிறேன். வெள்ளைத் துணியில் கட்டங்களைத் தைத்துவிட்டு நடுவே இழைகளை வெட்டினேன். சில இடங்களில் ஓரம் பிரிந்து வருகிறது. சில இழைகள் இழுத்தாலும் வரவில்லை. என்ன தப்பு? துணி வீண்தானா?
– வாசகி, மதுரை

பதில்: துணியைத் தூக்கிப் போடாதீர்கள், பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். மேற்கு நார்வேயின் ஹார்டாங்கர் பகுதியில், விழா உடையான புனாடின் வெள்ளை ஏப்ரனில் இன்றும் இந்த வேலையைப் பார்க்கலாம். வெட்டிய ஓரத்துக்கு மடிப்பு, பசை எதுவும் கிடையாது. அங்கே நிற்கும் தையல்தான் அதைப் பிடித்திருக்கிறது. அதனால் உங்கள் கோளாறு அநேகமாக எண்ணிக்கையிலோ, வெட்டிய பக்கத்திலோதான் இருக்கும்.

முதலில் துணியைப் பாருங்கள். 22 கவுண்ட் ஹார்டாங்கர் துணி இரட்டை இழையாக நெய்தது. ஒரு அங்குலத்தில் 22 ஜோடிகள். ஒரு ஜோடியைத்தான் ஓர் இழை என்று எண்ண வேண்டும். நான்கு இழை வெட்டு என்றால் எட்டு மெல்லிய நூல். புதியவர்கள் பலர் பாதியை வெட்டிவிட்டு மீதி ஏன் நிற்கிறது என்று குழம்புவார்கள். குறுக்குத் தையலுக்குப் பயன்படும் அய்டா துணி இதற்கு ஒத்துவராது.

அடிப்படைக் கட்டம், நான்கு இழைக்கு மேலாக அடுத்தடுத்துப் போடும் 5 சாட்டின் தையல். கட்டம் சுமார் 4½ மி.மீ. சதுரமாக வரும். இதற்கு 5-ஆம் எண் பேர்ல் காட்டன் (பளபளப்பான முறுக்குப் பருத்தி நூல்), 22-ஆம் எண் மொட்டை முனை ஊசி. கூர் ஊசி வேண்டவே வேண்டாம். அது துணி இழையைக் குத்திப் பிளந்துவிடும், பிறகு அந்த இழையை உருவ முடியாது. பின்பக்கம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, நூல் வெட்டப்போகும் இடத்தைக் குறுக்காகக் கடக்கக் கூடாது. இழுத்தும் வராத இழைகளுக்கு இவை இரண்டும்தான் வழக்கமான காரணங்கள். இல்லையென்றால் எதிர்முனை முழுதாக வெட்டுப்பட்டிருக்காது.

இப்போது வெட்டு. கட்டத்துக்கு நான்கு பக்கம். தையல்கள் போய் முடியும் பக்கத்தில் மட்டுமே, ஐந்து தையலுக்கும் இடையில் அதே திசையில் ஓடும் நான்கு இழைகளை, தையலை ஒட்டி வெட்ட வேண்டும். தையலுக்கு இணையாக இருக்கும் பக்கவாட்டில் வெட்டினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, அன்றே பிரியும். இழையின் மறுமுனைக்கும் நேர் எதிரே இன்னொரு கட்டம் காவலாக இருக்க வேண்டும். எதிர்க்கட்டம் ஓர் இழை நகர்ந்திருந்தாலும் வெட்டு தப்பாகும். ஆகவே எல்லாக் கட்டங்களையும் முடித்து, எதிரெதிராகப் பொருந்துகின்றனவா என்று எண்ணிவிட்டே கத்திரியைத் தொடுங்கள். நுனி கூரான சிறு கத்திரியை இழைகளுக்கு அடியில் நுழைத்து, வெட்டாமல் அப்படியே லேசாகத் தூக்குங்கள். அலகின் மேல் நான்கு ஜோடி தெரிகிறதா என்று எண்ணிவிட்டு வெட்டுங்கள்.

தப்பாக வெட்டிய இழையை மீட்க வழி இருக்கிறது. துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி ஊசியில் கோத்து, வெட்டுப்பட்ட இழை போன பாதையிலேயே மேல்-கீழாக நெய்யுங்கள். இருபுறமும் ஓர் அங்குலம் கூடுதலாக, கட்டத் தையலுக்கு அடியிலும் நுழைந்து போகட்டும். தொய்ந்த தையல்தான் காரணம் என்றால் அந்தக் கட்டத்தைப் பிரித்து, சற்று இறுக்கி மறுபடி போடுங்கள்.

வெட்டியபின் மிஞ்சும் நான்கு இழைக் கம்பிகளை, 8-ஆம் எண் நூலும் 24-ஆம் எண் ஊசியும் கொண்டு இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவிலிருந்து மாறி மாறி நெய்ய வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் நெசவு ஒரே எண்ணிக்கையில் இருந்தால்தான் இடையே உள்ள சன்னல்கள் (வெட்டிய ஓட்டைகள்) சதுரமாக நிற்கும். நூலை அரை மீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள், தேய்ந்து பளபளப்பு போய்விடும். சன்னலின் நடுவில் புறாக்கண் (வளையங்களால் ஆன அலங்காரம்) வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள நான்கு கம்பிகளில் மூன்று கம்பிகளை முடித்து, நான்காவதைப் பாதி நெய்தவுடன் நிறுத்தி, மற்ற மூன்றின் நடுவிலும் வளையம் போட்டுத் திரும்பி வந்து மீதியை நெய்யுங்கள்.

வெளி ஓரத்துக்குக் காஜா தையல். அது முடிந்ததும் ஒருமுறை அலசிக் காயவைத்து, துண்டின் மேல் கவிழ்த்துத் தேய்த்து, அதன்பிறகே மிச்சத் துணியை வெட்டுங்கள். அலசலில் நூலும் துணியும் படிந்துவிடுவதால் ஓரம் பிசிறாமல் வரும். அடுத்த முயற்சிக்குப் பெரிய மேசைவிரிப்பு வேண்டாம். ஒரு கையகல மாதிரித் துணி போதும்.