கேப் ஆப்ல பெண் டிரைவர் தான் வேணும்னு கேக்குற வசதி கட்டாயம் வரணுமா?

வரணும். ஆனா அந்த வசதிய மொதல்ல யாருக்கு குடுக்கணும்ங்கறதுல தான் எனக்கு வேற கருத்து.

நான் சோழிங்கநல்லூர்ல வேலை பாக்குறேன், வீடு வேளச்சேரி. ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஆபீஸ் வண்டிய விட்டுட்டு வெளில கேப் புக் பண்ணேன். ஏறுனதுல இருந்து அந்தாளு கண்ணாடிய என் பக்கம் திருப்பி திருப்பி வெக்கிறான், "வீட்ல தனியாவா இருக்கீங்க மேடம்"னு கேள்வி வேற, அப்புறம் மேப்ல காட்டுற ரூட்ட விட்டுட்டு உள்தெருவுல திருப்பிட்டான், கேட்டா மெயின் ரோட்ல டிராபிக்காம், பத்தரை மணிக்கு! அண்ணனுக்கு போன் போட்டு வண்டி நம்பர சத்தமா படிச்சேன், அதுக்கப்புறம் வாய தொறக்கல. ஒண்ணும் நடக்கல தான். கம்ப்ளெயின்ட் குடுத்ததுக்கு வருந்துகிறோம்னு ஒரு மெசேஜ் வந்துச்சு.

2014 டிசம்பர்ல டெல்லில ஆப் கேப்ல போன பொண்ண டிரைவரே பலாத்காரம் பண்ணினதுக்கப்புறம் தான் ஆப்ல எமர்ஜென்சி பட்டன் எல்லாம் வந்துச்சு. 2019ல இருந்து புது டாக்ஸிலயே ஜிபிஎஸ்ஸும் பட்டனும் இருக்கணும்னு ரூல். நல்லது தான், ஆனா அந்த பட்டன அமுக்குற நிலைமையே வரக்கூடாதுன்னு தானே பெண் டிரைவர் கேக்குறோம்.

கேக்குறோம் சரி, ஆளு எங்க? சென்னைல 2025 மகளிர் தினத்தன்னிக்கு பொண்ணுங்களே ஓட்டுற பிங்க் ஆட்டோ ஆரம்பிச்சாங்க, வண்டிக்கு ஒரு லட்சம் மானியம். இவ்ளோ பெரிய ஊருக்கு திட்டம் போட்டதே 250 பேருக்கு தான். அதுலயும் சில வண்டிய வீட்டு ஆம்பளைங்க ஓட்டுறாங்கன்னு புகார் வந்து, பறிமுதல் பண்ணுவோம்னு அரசே எச்சரிக்க வேண்டியதா போச்சு.

எனக்கு தெரிஞ்ச ஒரு ஆட்டோ அக்கா இருக்காங்க. காலைல ஸ்கூல் பசங்க டிரிப், அப்புறம் ஆப் சவாரி, எட்டு மணிக்கு டக்குனு ஆஃப் பண்ணிடுவாங்க. ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறுனேன், சீட்டு பக்கத்துல தண்ணி பாட்டில் மூடியே தொறக்காம அப்படியே இருக்கு. கேட்டா "குடிச்சா பாத்ரூம் எங்கம்மா போறது, பங்க்ல போனா சாவி இல்லங்கறான்"னாங்க. ராத்திரி ஏன் ஓட்டலன்னா, குடிச்சிட்டு வர்றவன் தான் அந்த நேரத்துல ஜாஸ்தி, கேன்சல் பண்ணா ரேட்டிங் போயிடும்.

அதாவது நான் எதுக்கு பயந்து அவங்கள தேடுறேனோ அதே பயத்துல தான் அவங்க ராத்திரி வண்டி எடுக்கறதில்ல. அதனால பயணி பெண்ணா இருந்தா மட்டும் சவாரி குடுங்கற ஆப்ஷன் மொதல்ல டிரைவருக்கு வேணும். சவுதில பொண்ணுங்க வண்டி ஓட்ட அனுமதி கெடச்சதே 2018ல தான், அடுத்த வருஷமே ஊபர் அங்க பெண் டிரைவருங்களுக்கு இத குடுத்துச்சு. அமெரிக்காவுல 2025ல லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, டெட்ராய்ட்ல பயணி, டிரைவர்னு ரெண்டு பக்கத்துக்கும் ஆரம்பிச்சாங்க. இது இல்லாம பயணிக்கு மட்டும் ஃபில்டர் வெச்சா, ராத்திரி பதினோரு மணிக்கு "வண்டி இல்லை"ன்னு தான் காட்டும்.

போன வாரம் அந்த அக்காவ ஒம்போதரைக்கு வர முடியுமான்னு கேட்டேன். "வர்றேன்மா, ஆனா திரும்பி வரும்போது யாரையும் ஏத்த மாட்டேன், காலியா தான் வருவேன்"னாங்க. ரிட்டர்ன் காசும் சேத்தே குடுத்தேன்.