ஃபைன் கட்டினால் கேஸ் முடியும், கைரேகை போகாது

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், வயது 27, கன்டெய்னர் யார்டில் வேலை. போன வருஷம் தண்ணி லாரி வரிசையில் பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறாகி, கைகலப்பில் முடிந்தது. என்னைக் கைது செய்து, பத்து விரல் ரேகை, உள்ளங்கை, போட்டோ எல்லாம் எடுத்துவிட்டு ஜாமீனில் விட்டார்கள். நானும் அவர் மேல் புகார் கொடுத்தேன், அதுவும் வழக்காகிவிட்டது. போன மாதம் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வண்டியை மடக்கி, போனில் என் முகத்தைப் படம் பிடித்தார்கள். பழைய கேஸ் காட்டுகிறது என்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். தெருவே பார்த்தது. போலீஸ் மேல் வழக்குப் போடலாமா? என் கைரேகையை அழிக்க முடியுமா? அடுத்த வாய்தாவில் ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடு, அரை மணியில் முடிந்துவிடும் என்கிறார் சித்தப்பா.

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி அந்த இரவைப் பற்றியது. அவமானம் புரிகிறது. ஆனால் கேஸ் நிலுவையில் இருக்கும்போது அதற்காகப் போலீஸோடு மல்லுக்கு நிற்பதால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. ரேகை எடுத்ததிலும் சண்டை போட இடமில்லை. 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளம் காணல் சட்டப்படி, கைதானவரிடம் விரல் ரேகை, உள்ளங்கை ரேகை, போட்டோ, கருவிழிப் பதிவு வரை எடுக்கலாம். மறுத்திருந்தால் அதுவே அரசு ஊழியரைத் தடுத்த குற்றமாகியிருக்கும்.

கடிதத்தின் கடைசி வரியில் சித்தப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, சட்டப்படி முக்கியமானது அது ஒன்றுதான். இந்த வழக்கு எப்படி முடிகிறது என்பதை வைத்துத்தான் உங்கள் ரேகையின் கதி.

எடுத்த பதிவை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 வருஷம் வைத்திருக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். ஒரு விலக்கும் தருகிறது. விசாரணை இல்லாமல் விடுவிக்கப்பட்டவர், வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர், விடுதலையானவர் ஆகியோரின் பதிவுகளை, அப்பீல் வழிகளெல்லாம் முடிந்த பிறகு அழிக்க வேண்டும். நீதிமன்றம் காரணம் எழுதி வேறு மாதிரி உத்தரவிட்டால் மட்டும் வைத்திருக்கலாம். ஆனால் இந்த விலக்கு, சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய எந்தக் குற்றத்திலும் அதற்கு முன் தண்டனை பெறாதவர்களுக்குத்தான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டுகிற ஃபைனும் தண்டனைதான். ஆயிரம் ரூபாய்தானே, ஜெயிலுக்கா போனோம் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று சட்டம் கேட்கவில்லை. அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை விதிக்க முடியும் என்றுதான் கேட்கிறது. அடிதடிக்கான பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 115(2) பிரிவில் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. அரை மணியில் கேஸ் முடியும், ரேகை 75 வருஷம் இருக்கும்.

ராயபுரத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். வருஷக்கணக்குக்கு முன்னால் ஏதோ தெருச் சண்டையில் வேலை கெடுகிறதே என்று ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டியிருக்கிறார். பிறகு ஒரு வழக்கில் தவறாகச் சேர்க்கப்பட்டு, ரேகை எடுக்கப்பட்டு, முழு விசாரணை நடந்து விடுதலையானார். ரேகையை அழிக்கச் சொல்லி மனு போடலாம் என்று வந்தவரிடம், அந்தப் பழைய ஃபைன் ரசீது உங்கள் வழியை மறிக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதே அரை மணி நேர யோசனைதான் அவருக்கும் சொல்லப்பட்டது. இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு கசந்துவிட்டது.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். யார் முதலில் கை வைத்தது என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அவர் ஆஸ்பத்திரிச் செலவு கேட்டால் கொடுத்துவிடுங்கள். சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சமரசத்துக்கு விடுதலையின் பலன் உண்டு, பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்குகளுக்கான நடைமுறைச் சட்டம்) 359-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஃபைன் கட்டினால் குற்றவாளி, சமரசமானால் விடுதலையானவர். வெளியே பார்த்தால் இரண்டும் ‘கேஸ் முடிஞ்சிடுச்சு’ மாதிரிதான் தெரியும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் குற்றப்பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். காயம் ஏற்படுத்திய 115(2), மிரட்டிய 351(2) இரண்டையும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே சமரசம் செய்யலாம். ஆனால் நம் ஊர்த் தெருச் சண்டை எஃப்.ஐ.ஆர்.களில் பெரும்பாலும் ஆபாசமாகத் திட்டியதற்கான 296(பி)-யும் கூடவே இருக்கும். சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. மற்றதெல்லாம் சமரசமான பிறகு, மீதி இந்த ஒன்றுதானே, இதற்கு மட்டும் ஒப்புக்கொள் என்று அங்கேயே யாராவது சொல்வார்கள். அதற்கும் மூன்று மாதம் வரை சிறை உண்டு, ஒப்புக்கொண்டால் பழையபடி தண்டனைதான். சமரசத்தின் பலன் மொத்தமும் அதோடு போய்விடும்.

296(பி) இருந்தால், இருவரும் கையெழுத்திட்ட சமரச மனுவோடு உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ஆவது பிரிவில் வழக்கை ரத்து செய்யக் கேளுங்கள். பட்டியலில் இல்லாத குற்றத்தையும் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் தகுந்த வழக்கில் ரத்து செய்யலாம் என்று 2012-இல் ஞான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் கொடுத்த புகாரையும் அதே மூச்சில் முடியுங்கள். ஒரு கேஸ் மட்டும் முடிந்தால் அடுத்த சண்டைக்கு மற்றது விதையாக நிற்கும். இன்னொன்று, ‘ரத்து’ என்ற சொல் ரேகை விலக்கில் பெயர் சொல்லி வரவில்லை. அதனால் பதிவுகளை அழிக்க வேண்டும் என்ற வாசகத்தை உத்தரவிலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்காக வக்கீலை நச்சரிக்கலாம், தப்பில்லை.

அப்புறம், உத்தரவு வந்துவிட்டால் பதிவு தானாக அழிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த அடையாளம் காணல் சட்டத்தின் 2022 விதிகளின்படி, மாநில அரசு நியமித்த பொறுப்பு அதிகாரிக்கு மனு கொடுக்க வேண்டும். உத்தரவின் சான்றிட்ட நகலையும் கூடவே வையுங்கள். வேறு வழக்கோடு தொடர்பில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அவர் காப்பகத்துக்குப் பரிந்துரைப்பார். மனுவில் ரேகையோடு போட்டோவையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சட்டப்படி போட்டோவும் அழிக்கப்பட வேண்டிய பதிவுதான். அன்று இரவு உங்களை உட்கார வைத்தது உங்கள் முகம்தானே.

அதுவரை, அடுத்த வாய்தாவில் கேட்டால் குற்றத்தை மறுக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். சித்தப்பாவைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போக வேண்டாம், பக்கத்து வீட்டுக்குப் பேசக் கூட்டிப் போங்கள்.