100 பீப்பாயில் 97 தண்ணீர் என்றால் எண்ணெய்க் கிணறு எப்படிக் கட்டுப்படியாகும்?

கேள்வி இதுதான்: தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பாறையில் துளையிட்டு, மேலே வருவதில் 90 சதவீதத்துக்கு மேல் உப்புத் தண்ணீராக இருந்தும், அதிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுத்துப் பிழைக்கிறார்களாமே, அது எப்படி? தண்ணீர் முழுவதையும் இறைத்துத் தீர்த்த பிறகுதான் எண்ணெய் வருமா?

தீர்க்க வேண்டியதில்லை, தீர்க்கவும் முடியாது. அங்கே இறக்கப்படுவது தண்ணீர் மட்டம் இல்லை, அழுத்தம். இது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் பம்பும் குழாயும் மின்கட்டணமும்தான்.

இதற்கு நன்றாக ஆவணமாகியிருக்கும் களம் அமெரிக்காவின் ஓக்லஹோமா. 1990-களில் லிங்கன், லோகன் மாவட்டங்களில் ஹன்டன் சுண்ணாம்புப் பாறையில் இந்த முறை கைகொடுத்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாநிலத்தின் வடக்கிலும் கன்சாஸின் தெற்கிலும் மிசிசிப்பியன் லைம் என்ற பாறையில் கிடைக்கிணறுகளாக, அதாவது பாறைக்குள் படுக்கைவாட்டில் ஓடும் கிணறுகளாகப் பெருகியது. இரண்டுமே பழைய கணக்கில் 'தண்ணீர்ப் பாறை' என்று தள்ளி வைக்கப்பட்டவை.

பாறைக்குள் இருப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இந்தச் சுண்ணாம்புப் பாறையில் இரண்டு வகை இடம் உண்டு. வெடிப்புகளும் கரைந்து உண்டான பொந்துகளும் ஒன்று; தண்ணீர் இவற்றில் தாராளமாக ஓடும். இந்த வெடிப்புகளுக்கு இடையே இருக்கும் இறுக்கமான பாறைத் துண்டுகள் மற்றொன்று. எண்ணெயும் வாயுவும் அந்தத் துண்டுகளின் நுண்துளைகளில் சிறுசிறு துளிகளாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மாட்டிக்கிடக்கின்றன. தொடர்பு அறுந்த துளி நகராது. ஆகவே கிணறு தோண்டிய முதல் நாள் வெடிப்பிலிருக்கும் தண்ணீர்தான் ஓடி வரும். சாதாரணக் களத்தில் பழகியவர் இதைப் பார்த்ததும் கிணற்றை மூடிவிடுவார், அல்லது வேகத்தைக் குறைப்பார். கீழேயிருந்து தண்ணீர் கூம்பாக ஏறிவரும் கிணறுகளில் அதுதான் சரியான வைத்தியம். இங்கே வைத்தியம் நேர் எதிர்: இன்னும் வேகமாக இறைக்க வேண்டும்.

வெடிப்பில் அழுத்தம் இறங்கினால் துண்டுக்குள் மாட்டிய வாயு விரியும். எண்ணெயில் கரைந்திருந்த வாயுவும், கோலி சோடாவில் கோலியை அழுத்தியதும் நுரைப்பது போல, பிரிந்து குமிழாகும். குமிழ்கள் பெருத்து ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டதும் வாயுவுக்கு வழி கிடைக்கிறது, கூடவே எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வெடிப்புக்குள் வருகிறது. அதனால்தான் நல்ல கிணறு ஒன்றில் தண்ணீர் மாதாமாதம் குறைய, எண்ணெயும் வாயுவும் முதல் சில மாதங்களில் ஏறும். முதல் நாளில் உச்சம், பிறகு சரிவு என்ற வழக்கமான வரைபடம் இங்கே தலைகீழ்.

எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும்? உதாரணத்துக்கு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். பாறைத் தடிமன் 30 அடி. துளைவெளி, அதாவது பாறையில் துளைகளின் பங்கு, 8 சதவீதம். துளைகளின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 1.19 கோடி பீப்பாய். பாறையும் தண்ணீரும் சேர்ந்து ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்துக்குப் பத்து லட்சத்தில் 8 பங்கு சுருங்கும் என்று வைத்தால், 2,000 பிஎஸ்ஐ-யிலிருந்து 1,500-க்கு இறக்க வெளியே எடுக்க வேண்டியது 0.4 சதவீதம், சுமார் 48,000 பீப்பாய். நாளைக்கு 3,000 பீப்பாய் இறைத்தால் 16 நாள். அதே பாறையில் துளைகளில் 10 சதவீதம் வாயு இருந்தால் கதை மாறும். வாயு விரிந்து 13 சதவீதத்துக்கு மேல் இடம் பிடிக்கும், அவ்வளவு தண்ணீரையும் வெளியே தள்ளும். இப்போது கணக்கு 4.4 லட்சம் பீப்பாய், கிட்டத்தட்ட 5 மாதம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அழுத்தம் மெதுவாக இறங்கி, வாயு ஏறிக்கொண்டே போனால் அது நல்ல சகுனம். அழுத்தம் அசையாமல் நின்று, வாயுவும் ஏறாவிட்டால் பக்கத்தில் பெரிய நீர்ப்பாறை ஊட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கிணற்றில் மேலும் பணம் கொட்டுவது வீண். பம்பு வாயிலில் உள்ள உணரியின் அழுத்த அளவை, இதுவரை இறைத்த மொத்தத் தண்ணீரோடு வைத்து வரைந்து பார்த்தாலே இது தெரியும். முடிவு சொல்ல ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே கைவிடுவதும், இரண்டு வருடம் கழித்தும் நம்பிக்கொண்டே இருப்பதும் ஒரே தவறின் இரு பக்கம்.

இறைக்கும் கருவி, நம் ஊர்ப் போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் அண்ணன்தான். ஆனால் உயரமான அண்ணன்: மோட்டார், அதற்கு மேல் மோட்டாருக்குள் இருக்கும் எண்ணெயைக் காக்கும் சீல் பகுதி, வாயு பிரிப்பான், நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குகள் கொண்ட பம்பு, எல்லாம் கேசிங் என்ற கிணற்றின் வெளிக்குழாய்க்குள் அடங்கும் ஒல்லியான நீளச் சரம். 5,000 அடி ஆழத்திலிருந்து நாளைக்கு 3,000 பீப்பாய் உப்புத் தண்ணீரைத் தூக்க, அடிக்கு 0.5 பிஎஸ்ஐ என்று போட்டால் 2,500 பிஎஸ்ஐ தேவை. அது 127 குதிரைத்திறன். பம்பின் திறமை 60 சதவீதம் என்றால் மோட்டார் 210-க்கு மேல் தர வேண்டும். கேபிள், மோட்டார் இழப்புகளைச் சேர்த்தால் மீட்டரில் 185 கிலோவாட் ஓடும். பீப்பாய்க்கு ஒன்றரை யூனிட். 97 சதவீதம் தண்ணீர் என்றால் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 33 பீப்பாய் திரவம் தூக்க வேண்டும், ஆக 49 யூனிட். யூனிட் 7 சென்ட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பீப்பாய் எண்ணெயின் மேல் மூன்றரை டாலர். கேட்டவர் பயந்த அளவு இல்லை, பாருங்கள். நாளைக்கு 90 பீப்பாய் எண்ணெயும், அதோடு வாயுவும் கையில் நிற்கின்றன.

பம்பில் கெட்டுப்போவது பெரும்பாலும் வாயுவால். வெற்றி பெறப் பெற வாயு கூடும். வாயு கூடக் கூடப் பம்பு திணறும். உள்ளே வாயு அடைத்துக்கொண்டால் அடுக்குகள் வெறுமனே சுழலும், மின்னோட்டம் சரியும், மோட்டாரைத் தொட்டுக் குளிர்விக்கும் ஓட்டமும் நின்று சுருள் வெந்துவிடும். கிடைக்கிணற்றில் இன்னும் மோசம்: படுத்த பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் மேட்டில் வாயு சேர்ந்து, திடீரென்று ஒரே ஏப்பமாக வரும். அதனால் பம்பை வளைவில் வைக்காமல் நேரான பகுதியில் வைப்பது நல்லது. திரவம் நொடிக்கு ஓர் அடியாவது மோட்டாரைக் கடந்து போக வேண்டும். இல்லாவிட்டால் மேலுறை போட்டு வழியைச் சுருக்க வேண்டும்.

தொடங்கும்போது முழு வேகத்தில் ஓட்டாமல், அலைவெண் மாற்றி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து 45 ஹெர்ட்ஸில் ஆரம்பித்துச் சிறுகச் சிறுக ஏற்றுவார்கள். சடாரென்று அழுத்தத்தை இழுத்தால் பாறையை உடைத்தபோது வெடிப்புகள் மூடாமலிருக்கப் போட்ட மணல் திரும்பி வந்து பம்பை அரித்துவிடும். மின்தடையில் நின்றதும் உடனே சுவிட்சைத் தட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. டியூபிங்கில், அதாவது திரவம் மேலே வரும் உள்குழாயில், நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பைப் பின்பக்கமாகச் சுழற்றும். அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் தண்டு முறியும். சுழற்சி அடங்கும்வரை அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

அரைமணி பொறுக்கலாம், ஆனால் நாட்கணக்கில் நிறுத்தக் கூடாது. நின்ற கிணற்றைச் சுற்றி அழுத்தம் மறுபடி ஏறும், வெடிப்புகளில் தண்ணீர் திரும்பும், விரிந்த குமிழ் சுருங்கும். மூன்று நாள் நின்றால் பழைய எண்ணெய் அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். பனிப்புயலில் மின்கம்பி அறுந்துவிழும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு கிணறு மட்டும் தனியாக இறைப்பதும் பயன் தராது. பக்கத்துக் கிணறுகளும் சேர்ந்து இறைத்தால்தான் பகுதி முழுக்க அழுத்தம் இறங்கும்.

உப்புப் படிவு வேறு. பம்பில் அழுத்தம் குறைந்து சூடு ஏறும் இடத்தில் கால்சியம் கார்பனேட் படியும். அமிலம் விட்டால் கரையும். பொருந்தாத இரண்டு தண்ணீர் கலந்தால் பேரியம் சல்பேட் வரும், அது அமிலத்துக்கு மசியாது, கதிரியக்க ரேடியத்தையும் கூட்டிக்கொண்டு வரும். முன்கூட்டியே தடுப்பு ரசாயனம் விடுவதைத் தவிர வேறு சுலப வழி இல்லை.

உண்மையில் இந்தத் தொழிலின் லாபநஷ்டம் தீர்மானமாவது மேலே வந்த தண்ணீரை எங்கே போடுவது என்பதில். கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. வயலிலோ ஓடையிலோ விட முடியாது. லாரிக்கு 130 பீப்பாய் என்றால் நம் கிணறு ஒன்றுக்கே நாளைக்கு 22 லாரி. லாரி வைத்தால் அன்றே திவால். எனவே பிளாஸ்டிக் குழாய் புதைத்து, பல கிணறுகளுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர்ப் புதைப்புக் கிணறு தோண்டுவார்கள். ஓக்லஹோமாவில் அதற்கு வாய்த்தது ஆர்பக்கிள் என்ற ஆழமான பாறை. அழுத்தம் குறைந்த பாறை என்பதால் பல இடங்களில் பம்பு கூட வேண்டாம், ஊற்றினால் தானே உறிஞ்சும். போடும் முன் தொட்டியில் நிறுத்தி மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும். சோம்பல்பட்டால் எண்ணெயும் இரும்புச் சல்பைடுக் கருஞ்சேறும் பாறைத் துளையை அடைத்து, உறிஞ்சிய கிணறு உறிஞ்சாமல் போகும்.

ஆனால் ஆர்பக்கிளுக்கு அடியில் படிகப் பாறை, அதில் பழைய பிளவுகள். கோடிக்கணக்கான பீப்பாய் தண்ணீர் சேர்ந்ததும் அழுத்தம் அந்தப் பிளவுகளுக்குப் பரவி, அவற்றைப் பிடித்துவைத்திருந்த உராய்வைத் தளர்த்தியது. 1978 முதல் 2008 வரை ஓக்லஹோமாவில் 3 ரிக்டருக்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு. 2015-இல் சுமார் 900. 2016 செப்டம்பர் 3 அன்று பாவ்னீ அருகே 5.8, அந்த மாநிலத்தில் பதிவானதில் பெரியது. பலர் இதற்குப் பாறை உடைப்பு முறையைக் குறை சொல்வார்கள். அங்கே புதைத்த தண்ணீரில் பெரும்பங்கு உடைப்பு நீர் இல்லை, பாறையோடு கூடவே வந்த இந்த உப்புத் தண்ணீர்தான். 2015-இல் புதைப்புக் கிணறுகளின் அடிப்பகுதியைப் படிகப் பாறையைத் தொடாமல் சிமென்ட் வைத்து அடைக்கச் சொன்னார்கள். 2016-இல் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அளவை 2014-ஐவிட 40 சதவீதம் குறைக்கச் சொன்னது மாநில ஒழுங்குமுறை ஆணையம். எண்ணெய் விலையும் விழுந்திருந்த நேரம். தண்ணீர் போட இடம் சுருங்கியதும் இறைப்பதும் சுருங்கியது, நடுக்கங்களும் குறைந்தன.

நம் ஊர் வாசகர்களுக்கு மன்னார்குடி மீத்தேன் ஞாபகம் வரும். நிலக்கரிப் படுகையிலும் தத்துவம் இதேதான்: தண்ணீரை எடுத்து அழுத்தத்தை இறக்கினால் கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேன் விடுபடும். டெல்டா விவசாயிகள் கேட்ட நிலத்தடி நீர்க் கேள்வி அர்த்தமில்லாதது இல்லை. இந்த முறையில் தண்ணீர் வெளியேறுவது பக்கவிளைவு இல்லை, அதுவேதான் வேலை. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே அதற்குத் தடை போட்டிருக்கிறது.

கிணறு முதுமை அடையும்போது தண்ணீர் நாளைக்குச் சில நூறு பீப்பாய்க்கு இறங்கும். அந்த நிலையில் பெரிய சப்மெர்சிபிளை ஓட்டினால் திரவம் போதாமல் வெந்துபோகும். அதை உருவிவிட்டு, கம்பியால் இயங்கும் தலையாட்டிப் பம்பையோ, டியூபிங்கில் வாயு செலுத்தித் தூக்கும் முறையையோ போடுவார்கள். மின்கட்டணமும் அதோடு இறங்குவதால், அதன் பிறகு அந்தக் கிணறு சொற்ப எண்ணெய்க்கும் பல வருடம் ஓடும்.